புள்ளி மூன்றுக்கு மேல் சூடு

எங்கள் மலைப்பக்கத்தில் ஒருவன் "சூடாயிடுச்சு" என்று முனகினால் காப்பியைச் சொல்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுடைய வயல் போய்விட்டது என்று பொருள். ஹெம்ப் என்பது கஞ்சாவின் சாதுவான தம்பி. இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே வாசனை. மயக்கம் தருகிற சத்து நூற்றுக்குப் புள்ளி மூன்றுக்குள் இருந்தால் அது பயிர். புள்ளி மூன்றைத் தாண்டினால் அது குற்றவாளி, அதற்குத்தான் சூடு என்று பெயர். இந்தப் புள்ளி மூன்று எங்கிருந்து வந்தது என்று அதிகாரி ஒருவரை நான் ஒருமுறை கேட்டேன். மோசே கொண்டுவந்த கற்பலகையின் பின்பக்கத்தில் இருந்ததைப் போய்ச் சந்தேகப்படுகிறாளே என்பதுபோலப் பார்த்தார்.

அதிகாரி என்றால் மாநிலச் சாதுப்பயிர் ஒழுங்குமுறை மற்றும் தணிப்பு வாரியத்தின் அதிகாரி. இவ்வளவு நீளப் பெயரை வாயில் வைத்துக்கொண்டு யாரால் நடமாட முடியும்? நாங்கள் சூடு வாரியம் என்போம். அதற்குத் தனிக் கட்டடம், தனிக் கொடி, தனிப் பிரார்த்தனை, ஐம்பது துப்பாக்கிகள் எல்லாம் உண்டு. பயிரிலிருந்து மாதிரி வெட்டுகிற கத்தரிக்கோல் மட்டும் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான்.

என் தங்கை ட்வைலாவின் புருஷன் டெல்பர்ட் ஸ்காக்ஸ் மூன்று தலைமுறையாகப் புகையிலை போட்ட குடும்பத்துக்காரன். என்னைவிடச் சின்னவன், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தெரிந்தவன். சொன்னதை நம்புவதுதான் அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம். அவன் ஹெம்ப்புக்கு மாறியது பணத்துக்காக இல்லை, மகள் வில்லாவுக்காக. ஒன்பது வயதுப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கிய வலிப்பு. காலை உணவுக்கு உட்கார்ந்தால்கூடக் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவனின் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள், இல்லையென்றால் தட்டில் முகம் மோதி மூக்கு உடையும். கொடுக்காத மருந்தில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மேஸ் அம்மாதான் சிபிடி என்கிற, ஹெம்ப் பூவிலிருந்து எடுக்கிற, மயக்கம் தராத சத்தைச் சொன்னார். கம்பெனி பாட்டிலுக்குக் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். டெல்பர்ட் தானே பயிர் போட்டான். எண்ணெயை ஆய்வுக்கூடத்தில் வடித்து அளந்து வாங்கி, டாக்டரம்மா சொன்ன சொட்டுக் கணக்கில் கொடுத்தான். ஈரல் கெடாமல் இருக்கிறதா என்று அவர் இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கோடைக்குள் வில்லாவின் தலைக்கவசம் கோழி முட்டையிடும் கூடாகிவிட்டது. அந்தப் பெண் சைக்கிள் ஓட்டினாள். வாயும் நீண்டது. என்னிடம் வந்து, "பெரியம்மா, உன் பிஸ்கட்டால அடிச்சா கரடி செத்துடும்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி வாரியத்துக்கு வருவோம். பூ முற்றுகிற சமயத்தில் மாதிரி எடுக்க வாருங்கள் என்று டெல்பர்ட் விண்ணப்பித்தான். கத்தரிக்கோல் அப்போது மாநிலத்தின் மறுகோடியில் இருந்தது. பூவுக்கு விண்ணப்பம் படிக்கத் தெரியாதே, அது தன் பாட்டுக்கு முற்றியது. இந்தச் செடியின் சங்கதி இதுதான்: மருந்து ஊற ஊற, கூடவே மயக்கச் சத்தும் கொஞ்சம் ஊறும். நல்ல பயிராக வளர்த்தவன்தான் குற்றவாளி ஆவான். சோம்பேறியின் வயல் எப்போதும் சட்டத்துக்கு உட்பட்டே இருக்கும்.

ஒருவழியாக ஆய்வாளர் வென்டல் வந்தார். மெல்லிய மீசை, மென்மையான குரல், எல்லாரையும் அம்மா, சார் என்றே கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு நான்கு பேர். வெல்வெட் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, தொப்பியைக் கழற்றி, "உச்சியிலிருந்து எட்டு அங்குலம்" என்ற விதியைச் செடிக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வெட்டினார். முடிவு புள்ளி மூன்று நான்கு என்று வந்தது.

நான் கேட்ட நாளில் நீங்கள் வந்திருந்தால் இது புள்ளி இரண்டுதானே என்று டெல்பர்ட் கேட்டான். வென்டல் அதற்குக் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"நாங்க வர்ற நாள்தான் சார் அந்த நாள்" என்றார்.

தணிப்பு நாளன்று வாரியத் தலைவர் கிளேபர்ன் டாக்கெட்டே நேரில் வந்தார். வெள்ளைத் தொப்பி, பாதிரியாருக்கு இருக்க வேண்டிய குரல். வயலைச் சுற்றி டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் டிராக்டர் மேல் ஏறி நின்று பேசினார். ஊரே நின்று கேட்டது. துப்பாக்கிகள் ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தால் ஊர் நின்று கேட்கத்தானே வேண்டும்.

"நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். செடி மேல வெறுப்புல நாங்க எரிக்கல, அன்புல எரிக்கிறோம். போன வருஷம் இந்த மாநிலத்துல பாதிப் பயிரை எரிச்சோம். மிச்சப் பாதி எவ்வளவு ஒழுக்கமா வளர்ந்துச்சுன்னு நீங்களே பாத்தீங்க. இந்த வருஷம் முழுசையும் எரிக்க முடிஞ்சா, இந்த மாநிலத்துல ஒரு தப்பான செடிகூட இருக்காதுன்னு நான் வாக்குக் குடுக்கிறேன்."

நான்கு பேர் கை தட்டினார்கள். துப்பாக்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டியதால் சத்தம் சரியாக வரவில்லை.

வயல் எரிந்தது. சூடு தொட்டதெல்லாம் சூடு என்று அடுத்த விதி இருந்ததால், போன வருடப் பயிரை உலர்த்திய புகையிலைக் கொட்டகையும் எரிந்தது. வேலியோரமாகத் தலையை நீட்டி நாலு இலை தின்ற ரூபி என்ற கறவை மாட்டை நெற்றியில் சுட்டார்கள். ரூபி மண்டியிட்டு விழுந்தாள், மடியில் அன்றைய பால் இருந்தது. குறுக்கே ஓடிய டெல்பர்ட்டைத் துப்பாக்கிக் கட்டையால் விலாவில் அடித்தார்கள். இரண்டு எலும்பு போயிற்று. அவன் நாய் டியூக், செடிக்குள் புரளும் பழக்கமுள்ளது, அதற்கு இரண்டு குண்டு ஆயிற்று. புகை காற்றோடு போய் மெதடிஸ்ட் தேவாலயத்துக்குள் புகுந்தது. அங்கே பாடிப் பழகிக்கொண்டிருந்தவர்களை வெளியே இழுத்து நிறுத்தி, தீயணைப்புக் குழாயால் அடித்துத் தணித்தார்கள். கனத்த குரலில் பாடும் மிஸஸ் ஹென்ஸ்லிக்கு முன்பல் இரண்டு போய், இப்போது அவர் பாடும் அல்லேலூயாவில் பாதி காற்றாகத்தான் வருகிறது.

இதெல்லாம் போனால் போகட்டும் என்பேன். மாடு போனால் மாடு, பல் போனால் பல். அவர்கள் சமையலறைக்குள் போனார்கள். குளிர்ப்பெட்டியில் மோர்க் குடுவைக்குப் பின்னால் வில்லாவின் எண்ணெய்ப் புட்டிகள் இருந்தன, அடுத்த பருவம் வரைக்கும் இருந்தவை அவ்வளவுதான். ட்வைலா கடைசிப் புட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவர்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மூன்றாவது விரல் பிரியவில்லை, முறிந்தது. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"மன்னிக்கணும்மா" என்றார் வென்டல். "புட்டிக்குத்தான் வாரியம் பொறுப்பு. விரலுக்கு இல்ல."

"நீ நல்லா இருப்பே சாமி" என்றேன் நான். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று வென்டலுக்கும் தெரியும். அவர் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே வலிப்பு திரும்பியது. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும் என்று டாக்டர் மேஸ் முன்பே எச்சரித்திருந்தார், அப்படியே வந்தது. கோழியை விரட்டிவிட்டுத் தலைக்கவசத்தைக் கழுவினோம். டாக்டரம்மா வேறு மருந்துகளைக் கூட்டிப் பார்த்தார், கம்பெனி பாட்டிலுக்காகக் காப்பீட்டுக்காரர்களோடு மறுபடி சண்டை போட்டார். பிறகு தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து, புட்டிகளையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கும் விசாரணையில், வில்லாவையும் கூட்டிக்கொண்டு போன எங்களோடு நின்றார்.

வாரியத்தின் கூடம் பார்க்க வேண்டிய இடம். எல்லாரும் எழுந்து மூன்று விரலை உயர்த்தி, "புள்ளி மூன்றே போதும், அதற்கு மேல் வேண்டாம்" என்று மூன்று முறை சொன்னார்கள். ட்வைலாவுக்குக் கட்டுப்போட்ட கையில் இரண்டு விரல்தான் உயர்ந்தது. அதற்காக ஒரு காவலாளி அவள் முழங்காலில் தடியால் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு டாக்டர் மேஸ் பேச எழுந்தார். இந்த எண்ணெய் உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது என்று தலைவர் டாக்கெட் கேட்டார். அந்தம்மாவும், பாவம், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்று நம்பி விளக்கினார்.

"நம்ம உடம்பே கஞ்சா மாதிரி ஒரு சத்தைத் தானாச் சுரக்குது சார். ஆனந்தமைடுன்னு பேரு. ஆனந்தம்கிற சமஸ்கிருத வார்த்தையில இருந்து வெச்சது. மூளைச் செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ரொம்பக் கத்தும்போது, போதும், மெதுவான்னு சொல்றது அதோட வேலை. வலிப்புங்கிறது எல்லாச் செல்லும் ஒரே நேரத்துல கத்துறது. மயக்கம் தர்ற சத்து மூளையில இருக்கிற பூட்டுக்குள்ள சாவி மாதிரி நேரா நுழைஞ்சிடும். சிபிடி அப்படி நுழையாது, அதான் மயக்கம் இல்ல. அது வெளிய நின்னு நாலு வேலை பாக்குது. ஆனந்தமைடு சீக்கிரம் சிதையாமப் பாத்துக்குதுன்னு ஒரு கணிப்பு. செல்லுக்குள்ள கால்சியம் ஏறுறதைக் குறைக்குதுன்னு இன்னொண்ணு. முழுசா எங்களுக்கே தெரியாது. ஆனா இவளுக்கு இருக்கிற மாதிரி வலிப்புக்கு அது கேக்குது, அது சோதனை பண்ணி நிரூபிச்சது."

தூக்கத்துக்கும் மனப் பதற்றத்துக்கும் மூட்டு வலிக்கும்கூட ஊரெல்லாம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அதற்கெல்லாம் ஆதாரம் இன்னும் அரைகுறை என்றும் நேர்மையாகச் சொன்னார். வேறு மருந்துகளோடு சேர்ந்தால் அவற்றின் அளவு இரத்தத்தில் ஏறும், ஈரலைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். தலைவர் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. முதல் வாக்கியத்திலேயே அவர் நின்றுவிட்டார்.

"இந்தப் பொண்ணு உடம்பு சுரக்குதுன்னு சொன்னீங்க."

"எல்லார் உடம்பும் சுரக்குது சார். உங்க உடம்பும்தான்."

தலைவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, வாரிய உறுப்பினர்களுக்கு எல்லா உற்பத்தியிலும் விலக்கு உண்டு என்றார். பிறகு டெல்பர்ட் பக்கம் திரும்பினார்.

"சுரக்கிறதுக்கு உரிமம் வாங்கியிருக்கியா?"

"அவ ஒம்பது வயசுப் பொண்ணு சார்" என்றான் டெல்பர்ட்.

"விதியில வயசு இல்ல. உச்சிதான் இருக்கு. உச்சி இருக்கா அவளுக்கு?"

டெல்பர்ட் அந்தக் கேள்வியை யோசித்தான். எதையும் நம்புகிறவனுக்கு யோசிக்கவும் வேண்டியிருக்கிறது. "தலை இருக்கு சார்" என்றான்.

தலைவர் சுத்தியலால் மேசையைத் தட்டினார். வெல்வெட் பெட்டி வந்தது.

வில்லாவின் முடி செம்பட்டை, இடுப்பு வரைக்கும் இருக்கும். இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். டெல்பர்ட் பாய்ந்தான். பழைய விலா எலும்பிலேயே மறுபடி அடித்து, தரையில் கிடத்தி, கழுத்தில் பூட்ஸ் காலை வைத்தார்கள். டாக்டரம்மாவைச் சுவரோடு தள்ளினார்கள், கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. என்னை யாரும் அடிக்கவில்லை, நான்தான் ஒருவன் கையைக் கடித்தேன். வென்டல் தொப்பியைக் கழற்றி விதியை வாசித்தார். வில்லா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையும் எரிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ரிசல்ட் வரட்டும் பாப்பா" என்றார் வென்டல். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாதியில் அவளுக்கு வலிப்பு வந்தது. மாதிரி எடுக்கும்போது செடி அசையக் கூடாது என்பது விதி. அழுத்திப் பிடித்தார்கள். அவள் உடம்பு அவர்கள் கைக்குள் அடித்துக்கொண்டது, கத்தரிக்கோல் நழுவி உச்சந்தலையைக் கிழித்தது. செம்பட்டை முடியோடு இரத்தமும் பைக்குள் போயிற்று. இரத்தம் எடையில் சேருமா என்று ஓர் உறுப்பினர் சந்தேகம் எழுப்பினார். அதை அவர்கள் கால் மணி நேரம் விவாதித்தார்கள். அந்தக் கால் மணியும் என் தங்கை தரையில் உட்கார்ந்து மகளின் தலையை முறிந்த கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

முடிவு புள்ளி மூன்று ஒன்று. வில்லா சூடு.

தணிப்புக்கு விதியில் நான்கு வழி இருந்தது: எரிப்பது, உழுது மூடுவது, அரைப்பது, புதைப்பது. பெற்றோர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வாரியம் சலுகை காட்டியது. டாக்டர் மேஸ் தையல் போட்ட புருவத்தோடு போய் மேல்முறையீடு செய்து, மறுமாதிரி எடுக்க ஒரு தேதி வாங்கிவந்தார். அதுவரை வீட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். டெல்பர்ட் தலைவரின் காரை வழியில் நிறுத்தி, சாலையிலேயே மண்டியிட்டு, ஒரே ஒரு புட்டி கேட்டான். அவர் கண்ணாடியை இறக்கி, "சூட்டுக்கு மேல சூடாப்பா? நான் ஒரு தகப்பன், அதுக்கு எனக்கு மனசு வராது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். டெல்பர்ட்டின் விரல் அதில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச தூரம் இழுபட்டுத்தான் விடுபட்டான்.

ஒரு காலை வேளையில், தட்டில் சோள ரொட்டி இருந்தபோது, வில்லாவுக்கு வந்தது. வந்தது நிற்கவில்லை. வாயில் நுரை, உதடு நீலம், கண் மேலே சொருகிக்கிடந்தது. வீட்டில் அவசரத்துக்கு வைத்திருந்த மருந்தைக் கொடுத்தோம், கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் மலையைச் சுற்றிக்கொண்டு வேகமாகவே வந்தது. வாசலில் காவலாளி அதை நிறுத்தி, தணிப்பு எல்லைக்குள் வரும் வண்டி சக்கரத்தைக் கழுவ வேண்டும் என்றான். ஓட்டுநர் அவன் முகத்தில் குத்தினான். காவலாளி ஓட்டுநரின் தொடையில் சுட்டான். ஆம்புலன்ஸில் கூட வந்த இன்னொருவன் அழுதுகொண்டே சக்கரத்தைக் கழுவினான். முன்சக்கரம் இரண்டும் முடிந்து பின்சக்கரத்துக்குப் போனபோது, ட்வைலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் வந்து நின்றாள். இனி கழுவ வேண்டாம் என்றாள்.

முன்னறையில் கிடத்தினோம். நீல உடுப்பு, தலையில் கத்தரித்த இடத்தை மறைக்க என் வெள்ளைக் கைக்குட்டை. ஊர்ப் பெண்கள் தட்டுத் தட்டாகப் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் அந்தக் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே வாயாடி அவள்தான்.

அப்போதுதான் வென்டல் வந்தார். கையில் வெல்வெட் பெட்டி. அன்றைக்குத்தான் மறுமாதிரித் தேதி. உள்ளே பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், வாரியத்தின் சார்பில் வருத்தம் சொன்னார். பிறகு கைக்குட்டையை மெதுவாக விலக்கிப் பார்த்துவிட்டு, முடி எட்டு அங்குலம் வளரவில்லையே என்று சங்கடப்பட்டார். வெளியே போய்த் தலைவரிடம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் கையால் தொட்டுப் பார்த்தாலே போதும் என்று தலைவர் பெரிய மனது பண்ணிவிட்டாராம்.

"தொட்டுப் பாருங்க" என்றாள் ட்வைலா.

வென்டல் வில்லாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். புறங்கையாலும் ஒருமுறை பார்த்தார். கவனமான மனிதர்.

"சூடு இல்ல" என்றார். "கொஞ்சம்கூட இல்ல. மேல்முறையீட்டுல ஜெயிச்சிட்டீங்க சார்."

சொல்லிவிட்டு டெல்பர்ட்டிடம் கையை நீட்டினார். டெல்பர்ட் எழுந்து அந்தக் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. முப்பது வருடம் புகையிலை வெட்டிய கை அது. வென்டல் முதலில் சிரித்தார், பிறகு சார் என்றார், பிறகு முழங்காலில் இறங்கினார். விரல்கள் ஒவ்வொன்றாக முறிவது அறையில் எல்லாருக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்து, சொல்லுங்கம்மா, விடச் சொல்லுங்கம்மா என்று அலறினார்.

நான் எழுந்து போய் வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.